நீலகிரி மண்ணரிப்பு – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் கோவையில் ஆய்வு மாணவன். சொந்த ஊர் கேத்தி பக்கம். எங்கள் பள்ளத்தாக்கில் ஒரு சிற்றோடையின் நீர்ப்பிடிப்புப் பகுதியை எடுத்துக்கொண்டு, செயற்கைக்கோள் படங்களையும் திருத்திய மண் இழப்புச் சமன்பாட்டையும் வைத்து மண்ணரிப்பு வரைபடம் தயாரித்திருக்கிறேன். அதிக அரிப்பு சிவப்பு, குறைந்த அரிப்பு பச்சை: காய்கறித் தோட்டங்கள் எல்லாம் சிவப்பு, தேயிலையும் மரங்களும் பச்சை. அப்பாவிடம் காட்டினேன். "தாத்தா காலத்துலயே நம்ம தோட்டத்துல படி வெட்டியாச்சு. மழைக்குச் சேறு வர்றது மேல ரோட்டுக்கு வெட்டுன இடத்துலேர்ந்து. அது ஏன் இதுல இல்ல?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. சிவப்புப் பகுதிகளில் மரம் வளர்க்கலாம் என்று பரிந்துரை எழுத இருந்தேன். அது சரியா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் அப்பா கேட்டதற்குப் பதில் தேடுவதுதான் இனி உங்கள் ஆய்வாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலில் படிகள். மழையின் அரிக்கும் வலு, மண்ணின் தன்மை, சரிவு, நிலத்தை மூடியிருக்கும் பயிர், பாதுகாப்பு முறை என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்துப் பெருக்குவதுதான் அந்தச் சமன்பாடு. பாதுகாப்பு முறைக்குத் தரவு எளிதில் கிடைக்காது. அதனால் பலரும் அங்கே 1 என்று போட்டுவிடுகிறார்கள். 1 என்றால் எந்தப் பாதுகாப்பும் இல்லை என்று பொருள். சரிவையும் 30 மீட்டர் கட்டங்கள் கொண்ட உயரத் தரவிலிருந்து எடுத்திருப்பீர்கள். இரண்டு மூன்று மீட்டர் அகலமுள்ள படி அதில் தெரியவே தெரியாது. ஆக, உங்கள் தாத்தா பட்ட பாடு முழுவதும் கணக்கிலிருந்து விழுந்துவிட்டது.

அதனால் வரும் வித்தியாசம் சின்னதல்ல. ஊட்டியில் உள்ள மத்திய மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் பல பத்தாண்டுகளுக்கு முன்பே உருளைக்கிழங்கு நிலத்தில் இதை அளந்திருக்கிறது. 25 சதவீதச் சரிவில் மேலிருந்து கீழாகப் பாத்தி போட்டால் ஆண்டுக்கு ஹெக்டேருக்கு ஏறத்தாழ 39 டன் மண் போனது. சரிவுக்குக் குறுக்கே சமமட்டமாகப் போட்டால் சுமார் 15 டன். படி வெட்டிய நிலத்தில் 1 டன் அளவுதான். அதற்காக எல்லாத் தோட்டத்துக்கும் 1 டன் என்று எழுதிவிடவும் முடியாது. உட்பக்கம் சாய்ந்த படி மண்ணைப் பிடித்து வைக்கும். விளிம்பு உடைந்து வெளிப்பக்கம் சாய்ந்த படி விட்டுவிடும். குத்தகைக்கு விட்டுப் பராமரிக்காத தோட்டங்களில் இரண்டாவது வகையைப் பார்த்திருப்பீர்கள். நடந்து போய்ப் பிரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். சின்ன ஓடைதானே, முடியும்.

அடுத்தது, படம் எடுத்த மாதம். இதை யாரும் போதுமான அளவு யோசிப்பதில்லை. மேகம் இல்லாத படம் வேண்டும் என்று ஜனவரியிலோ பிப்ரவரியிலோ எடுத்த படத்தைத்தான் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். மண்ணை அடித்துப் போகும் மழை அப்போது இல்லை. குந்தா பக்கம் தென்மேற்குப் பருவத்தில் கொட்டும், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர், நவம்பரில். ஆகஸ்ட், செப்டம்பரில் இரண்டாம் போகத்துக்குக் கொத்திவிட்ட மண், பயிர் மூடுவதற்குள் வடகிழக்கு மழையில் மாட்டினால்தான் நிஜமான சேதம். ஜனவரியில் கேரட் இலை பச்சையாக நிற்பதோ, அறுவடை முடிந்து வெறும் மண் கிடப்பதோ அதைச் சொல்லாது. ஊர்க்காரரான உங்களுக்கு எந்தத் தோட்டம் எப்போது கொத்தப்படும் என்று தெரியும். வெளியூர் ஆய்வாளருக்கு அது கிடைக்காது. அந்த விவரத்தை ஆய்வுக்குள் கொண்டுவாருங்கள்.

மழைக்கு ஆண்டுச் சராசரியை மட்டும் வைத்திருந்தால் அதையும் மாற்றுங்கள். 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் பெய்தது. சராசரிக்குள் அந்த நாள் மறைந்துபோகும். மலைக்கு அந்த நாள்தான் பெரிது.

அப்பா சொன்ன ரோட்டு வெட்டுக்கு வருகிறேன். அது வரைபடத்தில் இல்லாததற்குக் காரணம் சமன்பாட்டிலேயே இருக்கிறது. நிலப்பரப்பில் சீராகவும் சிறு சால்களாகவும் அரிபடும் மண்ணை மட்டுமே அது கணக்கிடும். மண்சரிவு, பெரிய ஓடை அரிப்பு, செங்குத்தாக வெட்டிய கரை, சாலையோரம் கொட்டிய மண் எதுவும் அதில் வராது. 2009 நவம்பரில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்ட சரிவுகளைப் பார்த்த மாவட்டத்தில் இந்தப் பகுதியை விட்டுவிட்டு எழுதும் ஆய்வு நியாயமாக இராது. தோட்டக்காரர் மேல் பழி போடுவது சுலபம் என்பதாலேயே இதை அழுத்திச் சொல்கிறேன்.

அதனால் ஓடையை அளந்தே ஆகவேண்டும். மழை தொடங்கியதும் சாலைக்கு மேலே ஓரிடத்திலும் கீழே ஓரிடத்திலும் பாட்டிலில் தண்ணீர் பிடியுங்கள். வெள்ளம் ஏறும்போதே பிடிக்க வேண்டும், ஏனென்றால் பெரும்பாலும் சேறு முதலில் வந்துவிடும். வடிகட்டி, உலர்த்தி, எடை போடுங்கள். நீர்மட்டத்தையும் குறித்துக்கொண்டால் எங்கிருந்து எவ்வளவு வருகிறது என்று சொல்ல முடியும். சரிவில் கிளம்பும் மண் எல்லாம் ஓடைக்கு வருவதில்லை, பாதி வழியில் அடுத்த படியில் தங்கிவிடுவதும் உண்டு. வரைபடத்தின் டன்னையும் ஓடையின் டன்னையும் ஒன்றாக எழுதிவிடாதீர்கள்.

மரம் பற்றி: எல்லாச் சிவப்புக்கும் மரம் என்று எழுத வேண்டாம். ஊட்டிக்கு அருகே கிளன்மார்கனில் அதே ஊட்டி மையம் அருகருகே இருந்த இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை 1968 முதல் அளந்தது. சில ஆண்டுகள் அப்படியே அளந்துவிட்டு, 1972-ல் ஒன்றில் மட்டும் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) நட்டது. முதல் பத்தாண்டுச் சுற்றில் அந்த ஓடையில் நீர் 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய பின் துளிர்த்த அடுத்த சுற்றில் ஏறத்தாழ கால் பங்கு நீர் குறைந்தது. புல்வெளி தன் மண்ணைத் தானே காக்கும், அதன் மேல் கற்பூரமோ சீகையோ (வாட்டில் மரம்) நட்டால் போவது ஓடைத் தண்ணீர். உடைந்த படிகளைச் சீராக்குவது, விளிம்பில் புல் வளர்ப்பது, ஓடைக்கரையில் இந்த மலைக்கே உரிய சோலைக்காட்டு மரங்கள், எல்லாவற்றுக்கும் முன்னால் சாலை நீர் தோட்டத்துக்குள் பாயாமல் வடிகால் – என் பரிந்துரை இந்த வரிசையில் இருக்கும். ஆனால் உங்கள் பாட்டில்கள் வேறு மாதிரி சொன்னால் அதன்படிதான் எழுத வேண்டும். ஆகவே அந்த அத்தியாயத்தை வடகிழக்குப் பருவம் முடிந்த பிறகு எழுதுங்கள். அதற்காக நெறியாளரிடம் ஆறு மாதம் கூடுதலாகக் கேட்க வேண்டியிருந்தால், தயங்காமல் கேளுங்கள்.