கடற்கரைக்கு அருகில் கணினி மாடல் சொல்லும் அலையும் மிதவை அளந்த அலையும் ஒத்துப்போகாவிட்டால் எதை நம்புவது?

புதுச்சேரிக் கரைக்குப் பக்கத்தில் ஒரு மிதவை அளந்த தரவை, ஐரோப்பிய வானிலை மையத்தின் ஈரா5 (கடந்தகால வானிலையையும் அலையையும் மாடல் வைத்து மணிக்கு மணி மீட்டுக் கணக்கிட்ட தொகுப்பு) தரவோடு வைத்துப் பார்த்ததாகக் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். ஒட்டுறவுக் கெழு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று சொல்லும் எண்) நன்றாக வந்திருக்கிறது; ஆனால் பிற்பகல்களில் மாடல் உயரத்தைக் குறைத்துச் சொல்கிறது, அலைக்காலமோ (ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடைப்பட்ட நேரம்) பொருந்தவே இல்லை என்கிறீர்கள். கடலோரப் பொறியியலில் இருப்பவன் என்பதால் இந்தப் பிரச்சினை எனக்குப் பழக்கம்.

எதை நம்புவது என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இரண்டு கோப்புகளும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றனவா என்று முதலில் பாருங்கள். பாதி வித்தியாசம் அங்கேயே காணாமல் போய்விடும்.

ஈரா5 கிரீன்விச் நேரத்தில் வரும். மிதவைக் கோப்பு இந்திய நேரத்தில் இருந்தால் ஐந்தரை மணி நேரம் பிசகும். கடல்காற்று பிற்பகலில் எழும் கரை இது. இங்கே அந்தப் பிசகு அச்சு அசலாக 'பிற்பகலில் மாடல் குறைத்துச் சொல்கிறது' என்றே தோற்றம் தரும்.

அடுத்தது அலைக்காலம். ஈரா5 தரும் சராசரி அலைக்காலம் ஆற்றலை வைத்துக் கணக்கிடப்படுவது, நீண்ட அலைகளின் பக்கம் சாயும். மிதவைக் கோப்புகளில் பெரும்பாலும் இருப்பது, நீர்மட்டம் நடுக்கோட்டைக் கடக்கும் இடைவெளிகளின் சராசரி. அது குட்டை அலைகளின் பக்கம் சாயும். இரண்டுக்கும் பெயர் 'சராசரி'தான். தெற்கிலிருந்து வரும் 12 வினாடி தூரத்து அலையும் உள்ளூர்க் காற்று எழுப்பிய 4 வினாடி அலையும் கலந்த கடலில், இவை சில வினாடிகள் விலகி நிற்பதில் வியப்பில்லை. உச்ச அலைக்காலத்தை, அதாவது அதிக ஆற்றலுள்ள அலையின் காலத்தை, எடுத்தால் இன்னும் மோசம்: ஒரு மணிக்கு 12, அடுத்த மணிக்கு 4 என்று தாவும். இதைப் போய் நாள் சராசரி எடுத்தால் 8 வினாடி வரும். அப்படி ஓர் அலை அன்று கடலிலேயே இருந்திருக்காது.

உயரத்திலும் இதே வம்பு உண்டு. தூரத்து அலையும் காற்றலையும் சேரும்போது உயரங்களைக் கூட்டுவதில்லை. வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்கிறோம். தூரத்து அலை 0.8 மீட்டர், காற்றலை 0.6 மீட்டர் என்றால் மொத்தம் சரியாக 1 மீட்டர். மாடல் இதைத் தலைகீழாக்கி, தூரத்து அலை 0.6, காற்றலை 0.8 என்று போட்டாலும் மொத்தம் அதே 1 மீட்டர்தான். உங்கள் வரைபடத்தில் புள்ளி, மாடலும் மிதவையும் சமம் என்று காட்டும் கோட்டின் மேலேயே உட்காரும், உள்ளே இரண்டும் தப்பு. அதனால்தான் மொத்த உயரத்துக்கு வரும் ஒட்டுறவுக் கெழுவை மட்டும் காட்டினால் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. போதாக்குறைக்கு, அமைதியான பிப்ரவரியையும் கொந்தளிக்கும் நவம்பரையும் ஒரே குவியலில் போட்டால், பருவமாற்றம் ஒன்றே அந்த எண்ணைத் தூக்கிவிடும். பருவம் பருவமாகப் பிரியுங்கள், தூரத்து அலையையும் காற்றலையையும் தனித்தனியாக ஒப்பிடுங்கள். ஈரா5 இரண்டையும் பிரித்தே தருகிறது. மிதவையின் அலைமாலையை (எந்த அலைக்காலத்தில் எவ்வளவு ஆற்றல் என்ற பட்டியலை) நீங்கள்தான் பிரிக்க வேண்டும்.

இவ்வளவு செய்த பிறகும் மிஞ்சுவதுதான் உண்மையான பிழை. அதில் பெரும்பங்கு, மாடல் கடலைப் பிரித்துக் கணக்கிடும் கட்டத்தின் அளவால் வருவது. ஈரா5 அலைத் தரவு அரை டிகிரிக் கட்டங்களில் கிடைக்கிறது, அதாவது ஏறக்குறைய 55 கிலோமீட்டர். உங்கள் மிதவை பதினைந்து மீட்டர் ஆழத்தில் மிதக்கிறது என்றால், மாடலின் புள்ளி அதைவிட மிகவும் ஆழமான இடத்தில் இருக்கக்கூடும். 12 வினாடி அலையின் நீளம் ஆழ்கடலில் சுமார் 225 மீட்டர். அதில் பாதி ஆழத்துக்கு வந்ததுமே கடல்தரையை உணர்ந்து திசை வளையத் தொடங்கும். உங்கள் மிதவைக்கு வருவதற்குள் நடக்கும் அந்த வளைவு மாடலின் புள்ளியில் முழுமையாக நடந்திருக்காது.

புதுச்சேரிக்கென்று ஒரு தனிச் சிக்கலும் இருக்கிறது. தென்கடல் அலைகளுக்கு முன்னால் இலங்கை குறுக்கே கிடக்கிறது. தென்தென்கிழக்கிலிருந்து வருவது மட்டுமே நேராக உள்ளே நுழையும். திசையில் மாடல் சில டிகிரி பிசகினால், கரையில் உயரம் அதைவிடப் பெரிதாகப் பிசகும்.

காற்றும் கரையோரம் சொதப்பும். ஈரா5 காற்றின் கட்டம் சுமார் 31 கிலோமீட்டர். கரைமேல் விழும் கட்டம் பாதி நிலம், பாதி நீர். நிலத்தின் உராய்வு காற்றைத் தணித்துவிடும். நேரத்தைத் திருத்திய பிறகும் பிற்பகல் குறை தெரிந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

மிதவை மட்டும் யோக்கியமா என்றால், அதுவும் அரை மணி நேரம் அளந்த ஒரு மாதிரிதான். தற்செயலாகவே ஐந்து முதல் பத்து சதவீதம் ஏறி இறங்கும். மிதவையைச் சுற்றி மீன் சேரும் என்பதால் படகுகள் அதில் கயிறு கட்டுவதும் உண்டு. புயலில் அறுந்துபோனால், நமக்கு மிகவும் வேண்டிய அந்த நாட்களின் தரவே இருக்காது. அந்த இடைவெளிகளை விட்டுவிட்டுக் கணக்கிடும் பிழை, சாதுவான கடலின் பிழை மட்டுமே.

என் தேர்வு இதுதான்: 1940 முதல் தொடரும் ஈரா5-ஐ ஆழ்கடல் பக்க எல்லையில் உள்ளீடாக வைத்து, நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தின் இலவச அலைக்கணிப்பு மென்பொருளான ஸ்வானில் கரையோரத்துக்கு நுண்கட்டம் ஓட்டுவேன். மிதவைத் தரவை அதைச் சரிபார்க்க வைத்துக்கொள்வேன்.

உங்கள் வேலை மணல் நகர்வு பற்றியது என்றால் (புதுச்சேரி என்றதும் எனக்குத் தோன்றுவது துறைமுகத் தடுப்புச் சுவரும் அதற்கு வடக்கே கரைந்த கடற்கரையும்தான்), உயரத்தைவிடத் திசையை அதிகமாகச் சோதியுங்கள். மணல் நகர்வைக் கணக்கிடும் வழக்கமான சூத்திரத்தில் உடையும் அலையின் உயரம் 10 சதவீதம் பிசகினால் மணல் கணக்கு சுமார் 27 சதவீதம் பிசகும். அலை உடையும்போது கரையோடு அமையும் கோணம் 5 டிகிரிக்குப் பதில் 10 என்று வந்தாலோ கணக்கு ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். உங்கள் மிதவைக் கோப்பில் திசைக்கான பத்தி இல்லையென்றால், தரவு கொடுத்தவர்களிடம் முதலில் அதைக் கேட்டு வாங்குங்கள்.