எர்த் பின்னை வெட்டினால் இரைச்சல் தீருமா?

கேள்வி: மாசி மகத்துக்கு தேவனாம்பட்டினம் கடற்கரையில் மைக் செட் போட்டோம். மிக்சரை இணைத்ததும் 'ம்ம்ம்' என்று இரைச்சல். ஆம்ப்ளிஃபயரின் எர்த் பின்னை வெட்டினோம், நின்றுவிட்டது. திறந்து பார்த்தால் ஒரு 10 ஓம் ரெசிஸ்டர் கருகியிருக்கிறது. அதன் மேலேயே யாரோ ஒயரைப் பற்றவைத்திருக்கிறார்கள். இப்படியே விடலாமா?
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: முதல் வேலையாக எர்த் பின்னோடு கூடிய புது மூன்று பின் பிளக்கைப் போடுங்கள். எர்த் இல்லாத பாடியில் (உலோகப் பெட்டியில்) டிரான்ஸ்பார்மர் லீக் ஆனால், ஈர மணலில் வெறுங்காலோடு நின்று தொடுபவர் உயிருக்கே ஆபத்து.

இரைச்சலுக்குக் காரணம் ரெசிஸ்டர் மேல் பற்றவைத்த அந்த ஒயர். மிக்சரின் எர்த், ஆம்ப்ளிஃபயரின் எர்த், நடுவில் சிக்னல் கேபிளின் ஷீல்டு (வெளிப்பின்னல் கம்பி) எல்லாம் சேர்ந்து வளையமாகிவிடுகிறது. அதில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் ஷீல்டில் சில மில்லிவோல்ட் உண்டாக்கும், அதைத்தான் ஆம்ப்ளிஃபயர் பெருக்குகிறது. சிக்னல் கிரவுண்டுக்கும் (சர்க்யூட்டின் பொதுப் புள்ளி) பாடிக்கும் நடுவே 10 ஓம் இருந்தால் அந்த வோல்ட்டேஜ் பெரும்பாலும் ரெசிஸ்டரிலேயே விழுந்துவிடும்.

அது ஏன் கருகியது என்று பார்க்காமல் புதிதைப் போடாதீர்கள். பவர் டிரான்சிஸ்டருக்கு அடியிலுள்ள, மின்சாரம் கடத்தாத மைக்கா தகடு ஓட்டையாகியிருக்கலாம், ஸ்பீக்கர் ஒயர் பாடியில் பட்டிருக்கலாம். 50 வோல்ட் ரெயில் (சப்ளை லைன்) பாடிக்கு வந்தால் 10 ஓமில் 5 ஆம்பியர், அதாவது 250 வாட். 5 வாட் ரெசிஸ்டர் எப்படித் தாங்கும்?

பிளக்கைப் பிடுங்கி, ஒவ்வொரு ஃபில்டர் கெப்பாசிட்டரின் குறுக்கேயும் 220 ஓம் 10 வாட் ரெசிஸ்டரை இடுக்கியால் 15 நொடி பிடியுங்கள். மீட்டரில் 2 வோல்ட்டுக்குக் கீழே வந்த பிறகே கை வையுங்கள். பற்றவைத்த ஒயரையும் கருகிய ரெசிஸ்டரையும் எடுத்துவிட்டு, பவர் டிரான்சிஸ்டரின் கலெக்டர் காலுக்கும் ஹீட்சிங்குக்கும் (சூடு தணிக்கும் உலோகத் தகடு) இடையே ஓம் பாருங்கள், மீட்டர் அசையவே கூடாது. இன்புட் சாக்கெட்டின் பிளாஸ்டிக் புஷ் உடைந்து பாடியைத் தொடுகிறதா என்றும் பாருங்கள்.

பிறகு 10 ஓம் 5 வாட், அதோடு பேரலலாக 35 ஆம்பியர் பிரிட்ஜ் (நான்கு டயோடு சேர்ந்த ரெக்டிஃபயர்), 0.1 மைக்ரோஃபாரட் 275 வோல்ட் எக்ஸ்2 (மெயின் லைனுக்கான பாதுகாப்பு வகை) கெப்பாசிட்டர் போடுங்கள். பிரிட்ஜின் பிளஸ், மைனஸ் கால்களை ஒன்றாக இணைத்து, ஏசி கால்களில் ஒன்றைக் கிரவுண்டுக்கும் மற்றதைப் பாடிக்கும் கொடுக்க வேண்டும். பெரிய ஃபால்ட் வந்தால் கரண்ட் பிரிட்ஜ் வழியே எர்த்துக்குப் போய் ஃபியூஸ் அறுந்துவிடும், ரெசிஸ்டர் பிழைக்கும்.

மெயின் எர்த்துக்குத் தனி போல்ட் வேண்டும். அந்த இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, பல் வாஷர் வைத்து முறுக்குங்கள். உப்புக் காற்றில் துரு ஏறும், ஆண்டுக்கு ஒருமுறை திறந்து பாருங்கள்.

முதல் ஆன் மெயின் சப்ளையில் 100 வாட் குண்டு பல்பு சீரிஸில், ஸ்பீக்கர் இல்லாமல். பல்பு ஒரு கணம் எரிந்து மங்க வேண்டும். அவுட்புட்டில் டிசி 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் ஸ்பீக்கரை மாட்டலாம்.

கேள்வி: ஆம்ப்ளிஃபயரை ஆன் செய்தால் புரொடெக்‌ஷன் ரிலே 'டிக்' என்பதில்லை. ரிலேயை ஷார்ட் செய்துவிடலாமா?
– வாசகர், புதுச்சேரி

பதில்: கூடாது. ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, ரிலேக்கு முன்னால் டிசி பாருங்கள். பல வோல்ட் காட்டினால் பெரும்பாலும் அவுட்புட் டிரான்சிஸ்டர் போயிருக்கும், ரிலே ஸ்பீக்கரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் ரிலே காயிலையும், புரொடெக்‌ஷன் போர்டின் சப்ளையையும், அதிலுள்ள காய்ந்துபோன எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களையும் சோதியுங்கள். 'டிக்' கேட்டும் ஒரு பக்கம் ஒலி கம்மி, வால்யூம் ஏற்றினால் திடீரென்று சரியாகிறது என்றால் ரிலேயின் கான்டாக்ட் கறுத்திருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், மேல்பூச்சு போய்விடும். அதே வோல்ட், அதே ஆம்பியரில் புது ரிலே போடுங்கள்.