உதவித்தொகையும் பிள்ளைகளின் உயரமும்

மதிப்பிற்குரிய ஐயா,

மகளிர் உரிமைத்தொகை மாதம் தவறாமல் வந்துகொண்டிருக்கிறது. ஆனால் எங்கள் ஊர் அங்கன்வாடிக்கு வரும் பிள்ளைகள் முன்பு போலவே மெலிந்தும் வயதுக்கேற்ற உயரமில்லாமலும் இருக்கிறார்கள். 15ஆம் தேதி வரும் பணம் குழுக்கடன் தவணைக்கும் கைமாற்றுக்கும் போய்விடுகிறது. அந்தத் தொகைக்கு முட்டை, பால், பருப்பு என்று பொருளாகவே கொடுத்தால் பிள்ளைகளாவது தேறுவார்கள் அல்லவா?

வாசகி ஒருவர்,
திருத்துறைப்பூண்டி

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

நீங்கள் பார்த்தது உண்மைதான். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒருவருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. ரத்தசோகை உள்ளவர்களோ பாதிக்கு மேல். ஆனாலும், பணம் கொடுத்துப் பயனில்லை என்ற முடிவுக்கு என்னால் வர முடியவில்லை. அங்கன்வாடிக்கு நடந்து வரும் நான்கு வயதுப் பிள்ளையின் வளர்ச்சிக் குறைவு பெரும்பாலும் தாயின் வயிற்றிலும், பிறந்த முதல் இரண்டு ஆண்டுகளிலும் நேர்ந்துவிட்ட ஒன்று. இன்று வரும் ஆயிரம் ரூபாய் அதைப் பின்னோக்கிச் சென்று சரிசெய்யாது. எனவே நாம் பார்க்க வேண்டியது, பணம் கைக்குழந்தைக்காரியிடம் போய்ச் சேர்கிறதா என்பதைத்தான்.

2023 செப்டம்பரில் தொடங்கிய உரிமைத்தொகை, பெண்களின் ஊதியமற்ற உழைப்புக்கான அங்கீகாரமாக வந்தது. குழந்தை வளர்ச்சியை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டதல்ல. ஒரு குடும்ப அட்டைக்கு ஒருவருக்கு மட்டுமே, அதுவும் 21 வயது நிறைந்த குடும்பத் தலைவிக்கே அது கிடைக்கும். புதிதாக வாழ வந்த மருமகளுக்குத் தனி அட்டை இல்லாத வீட்டில் பணம் மாமியார் கணக்கில்தான் ஏறும். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சம்பா அறுவடை முடிந்தபின் மேட்டூர் திறந்து குறுவை நடவு தொடங்கும் வரை கூலி வேலை அருகிப்போகும் மாதங்களில், தவணை கேட்டு வாசலில் நிற்பவருக்குப் பதில் சொல்லும் பொறுப்பு அவர் தலையில்தான் விழுகிறது. கடனை அடைப்பதும் வீண்செலவல்ல. ஆனால் ஏழு மாதக் குழந்தையின் கிண்ணத்தில் அன்றைக்கும் ரசஞ்சோறுதான் இருக்கும்.

முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாயை, ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்ந்தது அது, இந்த விஷயத்தில் நான் முக்கியமாகக் கருதுகிறேன். அது கர்ப்பிணியின் பெயரிலேயே, வேண்டிய காலத்தில் வரும் பணம். அதன் தவணைகள் பிந்தினால், குழந்தை பிறந்து பல மாதம் கழித்து வரும் தொகை கர்ப்ப காலத்துச் சாப்பாட்டுக்கு உதவாமல் போகும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். மெக்சிகோவில் 1997இல் தொடங்கிய ப்ரோக்ரெசா திட்டம் தாய்மார்களின் கையில் பணம் தந்ததோடு, மருத்துவப் பரிசோதனைக்கு வருவதைக் கட்டாயமாக்கி, சிறு குழந்தைகளுக்கு இணை உணவும் கொடுத்தது. அந்தக் குழந்தைகள் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக வளர்ந்தார்கள். நமக்கு இன்னும் நெருக்கமானது வங்கதேச அனுபவம். 2012 முதல் 2014 வரை, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் இருந்த ஏழைக் குடும்பங்களில் நடந்த ஆய்வு அது. பணம் மட்டும் பெற்ற ஊர்களில் உயரக் குறைவு குறிப்பிடும்படி குறையவில்லை. அரிசி, பருப்பு, எண்ணெய் என்று பொருளாகப் பெற்ற ஊர்களிலும் குறையவில்லை. பணத்தோடு, குழந்தைக்கு என்ன ஊட்டுவது, எப்படி ஊட்டுவது என்று வாரந்தோறும் கூடிப் பேசிய ஊர்களில்தான் அது சுமார் 7 சதவீதப் புள்ளிகள் குறைந்தது. அந்தப் பேச்சில் தாயோடு வீட்டிலுள்ள மற்றவர்களையும் உட்கார வைத்திருக்கிறார்கள்.

அதனால்தான் பொருளாகத் தரலாம் என்ற உங்கள் யோசனையை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. வீட்டுக்கு வந்த முட்டை வீட்டிலுள்ள எல்லோருக்கும் பங்காகும், அது சரியும்கூட. மையத்தில் வேகவைத்து அங்கேயே ஊட்டும் முட்டை நேராகப் பிள்ளைக்குப் போகிறது, அதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் மையத்துக்கு வர வயதாகாத குழந்தையின் சோறு வீட்டில்தான் முடிவாகிறது. 'இப்போதே முட்டை கொடுத்தால் மாந்தம் வரும், மீன் கொடுத்தால் சளி பிடிக்கும்' என்று பெரியவர்கள் தடுக்கும் வீட்டில், நாகை மத்தி வாசலுக்கே விலைக்கு வந்தாலும், கையில் காசு இருந்தாலும், குழந்தைக்குக் கிடைப்பதில்லை. தேங்கிய நீரால் வரும் வயிற்றுப்போக்கு ஒட்டிய சதையையும் கரைத்துவிடுவது தனிச் சிக்கல்.

அங்கன்வாடி உங்களுக்குப் பக்கத்தில் இருப்பதால் ஒன்று கேட்கிறேன். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள வீடுகளில் யாருக்குத் தொகை வருகிறது, யார் மாமியாரின் அட்டையிலேயே இருக்கிறார்கள் என்று ஊழியரிடம் விசாரித்துப் பாருங்கள். தனி அட்டைக்கு விண்ணப்பிக்கத் தகுதியுள்ளவர்களுக்கு மனு எழுதிக் கொடுங்கள். அடுத்த முறை எடை பார்க்கும் நாளில் மாமியார்களையும் கூப்பிட்டு, படுக்க வைத்து அளந்த குழந்தையின் நீளம் வளர்ச்சி அட்டையில் எந்தக் கோட்டுக்குக் கீழே நிற்கிறது என்பதை அவர்களுக்கே காட்டச் சொல்லுங்கள்.

அன்புடன்.