சர்வே கோப்பைச் செருகியதும் மனை சுருங்குவது பற்றி

வணக்கம். வேளச்சேரியில் 40-க்கு 60 அடி மனை, சர்வேயர் தந்த கோப்பை உங்கள் அடி-அங்குல வரைபடத்தில் செருகியதும் அகலம் ஓர் அடியாகிவிட்டது, ஆட்டோகேட் வரைபட மென்பொருளில் யூனிட்ஸ் (அலகு அமைப்பு) மாற்றியும் பயனில்லை என்று எழுதியிருந்தீர்கள். அங்கே நீள வகையை மாற்றினால் எண் காட்டப்படும் விதம்தான் மாறும். வரைந்த கோடு இம்மியும் நீளாது.

முதலில் சர்வே கோப்பைத் தனியே திறந்து முன்பக்கத்தை அளந்து பாருங்கள். 12.192 என்று வந்தால் அது மீட்டர். அந்தக் கோப்பில், செருகும்போது எந்த அலகு என்று சொல்லும் இன்ஸ்யூனிட்ஸ் (INSUNITS) மதிப்பை 6, அதாவது மீட்டர், ஆக்கிச் சேமியுங்கள். உங்கள் கோப்பில் அது 1, அதாவது அங்குலம், ஆக இருக்கட்டும். முன்பு செருகிய பிளாக்கை (ஒரே பொருளாக உள்ளே வந்த சர்வே வரைபடத்தை) அழித்து, பயன்படாத வரையறைகளை நீக்கும் பர்ஜ் கட்டளையையும் கொடுத்த பிறகே மீண்டும் செருகுங்கள். இதைத்தான் பலரும் மறக்கிறார்கள். பழைய வரையறை உள்ளேயே தங்கி அதே தவறு திரும்ப வரும். சரியாக இருந்தால், ஒரு மீட்டருக்கு 39.37 அங்குலம் என்பதால், மனை தானாகவே 39.37 மடங்கு பெரிதாகும்.

ஸ்கேல் கட்டளையால் கையால் பெருக்குவதை நான் விரும்புவதில்லை. திருத்திய சர்வே வரும்போதெல்லாம் அந்த எண்ணை நினைவில் வைத்திருக்க வேண்டும், ஒருமுறை தவறினால் பக்க இடைவெளிகள் எல்லாம் பிழையாகும்.

ஏரியா கட்டளை 345600 சதுர அங்குலம், அதாவது நம் ஊர்க் கணக்கில் ஒரு கிரவுண்டான 2400 சதுர அடி, காட்டிய பிறகு சுவர் வரையத் தொடங்குங்கள்.