ஒட்டுக்கடை பெஞ்சு: வாசகர் கேள்வி பதில்

லாரி டிரைவர், சுங்கை சிப்புட்: அண்ணே, எம்மவன் ஹூஸ்டன்ல வேல செய்றான், வீடியோ கால் போட்டாலே பின்னால டிவில பேஸ்பால்தான் ஓடுது. ஆட்டம் பாதில வேலியத் தொறந்துக்கிட்டு ஒருத்தர் ஓடியாறாரு, ‘ரிலீஃப் பிட்சர்’ங்குறான். யாருண்ணே அது? ஒரே மேட்ச்சோட போயிட்ட ரிலீஃப் பிட்சரு யாராச்சும் உண்டா?

ஏன் இல்ல, உங்க மவன் இருக்குற ஹூஸ்டன் டீம்லயே ஒருத்தர் இருந்தாரு. பிட்சருன்னா பந்து போடுறவரு. ஆட்டத்துல போட ஆரம்பிச்சவருக்கு கை சோர்ந்து போச்சு, இல்ல செம அடி வாங்குறாருன்னா, ஓரத்துல புல்பென்னு ஒரு எடம் இருக்கும், அங்க கைய சூடு பண்ணிக்கிட்டு நிக்கிற ஆள கூப்புடுவாங்க, அவருதான் ரிலீஃப். பால் வெட்ட வராத ஆளுக்கு, காலைல ஆள் கணக்கெடுக்குற பெரட்டுல பதில் ஆள் போடுவாங்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. வெளிய போனவரு அந்த ஆட்டத்துல திரும்ப உள்ள வர முடியாது, அவ்ளோதான்.

நான் சொல்ற ஆளு பேரு லாரி யவுண்ட் (உங்க லாரி இல்லண்ணே). 1971 செப்டம்பர் 15, ஆஸ்ட்ரோடோம் மைதானம், ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸும் அட்லாண்டா பிரேவ்ஸும் ஆடுறாங்க, ஒம்பதாவது இன்னிங்ஸ், அதாவது கடைசி சுத்து. பையனுக்கு வயசு 21, பெரிய லீக்ல மொத மேட்ச். புல்பென்ல கை சூடு பண்றப்பவே முழங்கை வலி எடுத்துருச்சு, ஆனா மொத தடவ கூப்புடுறாங்க, யாரு சொல்லுவா வலிக்குதுன்னு? நடந்துபோனா சரியாயிடும்னு நெனச்சி போயிட்டாரு. பந்து போடுற மேட்டுல ஏறி வார்ம் அப் பந்து கொஞ்சம் போட்டுப் பாத்தா வலி இன்னும் ஏறுது, டிரெய்னரு ஓடியாந்து பாத்தாரு, அப்புறம் எறங்கி வந்துட்டாரு. பேட்ஸ்மேன் ஒருத்தனுக்கும் ஒரு பந்து கூட போடல. அதுக்கப்புறம் சின்ன லீக்ல சில வருஷம் முட்டி மோதுனாரு, மேல மட்டும் கூப்புடவே இல்ல.

இதுல என் வயித்த கலக்குனது வேற. 1974ல லாரிய மில்வாக்கி டீமுக்கு மாத்திவிட்டாங்க, அவரு தம்பி ராபின் யவுண்டும் அதே டீம். அதே வருஷம் தம்பி 18 வயசுல பெரிய லீக்ல எறங்கி, 20 சீசன், 2,856 மேட்ச், 3,142 ஹிட் (அடிச்சிட்டு பேஸ் போய்ச் சேந்த அடி), 1999ல ஹால் ஆஃப் ஃபேம்ங்குற பெரிய ஆளுங்க கௌரவப் பட்டியல்னு போய்ட்டாரு. அண்ணன் கணக்குல ‘ஆடிய ஆட்டம்’ 1, மத்ததெல்லாம் சைபர். ஒரே வீட்டு சாப்பாடுதான!

மளிகைக் கடை வெச்சிருக்கும் வாசகி: பந்தே போடலங்குறீங்க, அப்புறம் எப்படி ‘ஆடுனாரு’ன்னு எழுதுனாங்க? கள்ளக்கணக்கு மாதிரில்ல இருக்கு?

கள்ளக்கணக்கு நடக்கக்கூடாதுன்னுதாங்க்கா அந்த ரூலே. இந்த பிட்சர் வர்றாருன்னு அம்பயர்கிட்ட சொல்லியாச்சுன்னா அவரு ஆட்டத்துல சேந்தாச்சு, காயம் பட்டாத்தவிர ஒரு பேட்ஸ்மேனுக்காவது முழுசா போட்டே ஆகணும். இல்லன்னா என்ன பண்ணுவானுங்க, எடது கைக்காரன் வர்றான்னு அறிவிச்சி எதிர் டீம் அதுக்கேத்த மாதிரி பேட்ஸ்மேன மாத்துற வரைக்கும் பாத்துட்டு, டக்குனு வலது கைக்காரன எறக்கிடுவானுங்க. 2020ல இருந்து இன்னும் கெடுபிடி, மூணு பேருக்காவது போடணும், இல்ல அந்த இன்னிங்ஸ முடிச்சிட்டுப் போகணும். நம்ம தோட்டத்துல வேலைக்கு வந்தவங்க பேர எழுதுற செக்ரோல் மாதிரிதான்க்கா, பேரு ஏறிடுச்சின்னா ஏறுனதுதான்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை: எங்க பசங்க ரவுண்டர்ஸ் ஆடுறப்ப ‘டீச்சர் நீங்களும் போடுங்க’ன்னு தொல்ல பண்றாங்க. எனக்கு வயசு 36. சிரிக்காம பதில் சொல்லுங்க.

சிரிக்கல டீச்சர். டெக்சாஸ்ல பிக் லேக்னு ஒரு சின்ன டவுன், நம்மள சுத்தி செம்பனைன்னா அங்க சுத்தி எண்ணெய்க் கெணறு. அங்க ஜிம் மோரிஸ்னு ஒரு சயின்ஸ் வாத்தியாரு, சின்ன வயசுல பந்து போட்டு கை போயி ஆபரேஷன் பண்ணி விட்டவரு, ஸ்கூல் டீமுக்கு கோச். நாங்க சாம்பியன் ஆனா நீங்க செலக்‌ஷனுக்கு போகணும்னு பசங்க பந்தயம் கட்டி, ஜெயிச்சும் காட்டிட்டாங்க. சொன்ன சொல்லுக்காக, தன் பிள்ளைங்களயும் கூட்டிக்கிட்டு போனாரு, பந்து மணிக்கு 98 மைல்ல போகுது, நம்ம கணக்குல கிட்டத்தட்ட 158 கிலோமீட்டர்! 1999 செப்டம்பர் 18, வயசு 35, தம்பா பே டீமுக்கு ரிலீஃபா எறங்கி மொத பேட்ஸ்மேன ஸ்ட்ரைக் அவுட் (மூணு ஸ்ட்ரைக் போட்டு அவுட்) பண்ணாரு. அடுத்த வருஷமே கை மறுபடி மக்கர். மொத்தம் 21 மேட்ச், 15 இன்னிங்ஸ், 13 ஸ்ட்ரைக் அவுட், பிட்சர் பேர்ல எழுதுற வெற்றியும் இல்ல தோல்வியும் இல்ல. நீங்க போடுங்க டீச்சர், தோள மட்டும் முன்னாடியே நல்லா சூடு பண்ணிக்குங்க.

பெயர் வேண்டாம் என்ற வாசகர்: நீங்க தோட்டத்து பந்து டீம்ல ஆடுனதா பீத்திக்கிறீங்களே, என்ன பொசிஷன்?

ரிசர்வுதான் லா. ரெண்டு வருஷம் பெஞ்சுல உக்காந்து ஆரஞ்சு உறிச்சிக் குடுத்தேன். ஒரே ஒரு தடவ கூப்புட்டாங்க, பூட்ஸ் கயிறு கட்டிக்கிட்டு இருக்கேன், விசில் ஊதி மேட்ச்ச முடிச்சிட்டாங்க. லாரி யவுண்டுக்காவது ஒண்ணுன்னு எழுதுனாங்க. சாயங்காலம் எங்கம்மா ஜெர்சிய தொவைக்க எடுத்து மோந்து பாத்துட்டு, வேர்வயே இல்லயேடான்னு அப்படியே கொடில போட்டுருச்சு.