பெட்டிக்குக் காவல் வைக்கவா அம்மாவைக் கூட்டிப் போகிறீர்கள்?

கேள்வி: மே மாத லீவில் பிள்ளைகளைச் சென்னை வொண்டர்லாவுக்குக் கூட்டிப் போகலாம் என்றிருக்கிறோம். நான், மனைவி, எட்டாவது படிக்கும் மகள், மூன்றாவது படிக்கும் மகன், அம்மா (67 வயது). இரண்டு இரவு தங்க வேண்டும், அதற்கு 5,000 ரூபாய்க்கு மேல் ஒதுக்க முடியாது. தாம்பரத்தில் ஒரு லாட்ஜில் ஐந்து பேருக்கும் ஒரே ரூம் தருகிறார்கள், நாளுக்கு 1,300. ஏசி இல்லை, மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது. மாமல்லபுரத்தில் தரைத்தளத்தில் நான்கு கட்டில் போட்ட ஏசி ரூம் 2,800, வரி தனி. பார்க்குக்குப் பக்கத்தில் 4,500 சொல்கிறார்கள். பகல் முழுக்க நாங்கள் பார்க்கில்தான் இருப்போம், ராத்திரி தூங்க மட்டும்தானே ரூம், ஏசி எதற்கு என்று தோன்றுகிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி, இப்போதெல்லாம் திருப்பரங்குன்றத்துக்குக்கூடப் போவதில்லை. அதனால் பார்க்குக்கு வர மாட்டார், ரூமில் சாமான்களைப் பார்த்துக்கொண்டு இருந்துகொள்வார். எதை எடுக்கலாம், சொல்லுங்கள்.
ஒரு வாசகர், ஆனையூர், மதுரை

பதில்:

தம்பி, லீவு வந்தாலே இந்த மாதிரிக் கடிதம் எனக்கு நாலைந்தாவது வந்துவிடும். ஊர் மாறும், பார்க் மாறும், கணக்கு மட்டும் மாறாது. ரூமில் எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம் என்ற கணக்கு. அதில் தப்பு இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டாம் தரம் படித்தபோது கடைசிக்கு முந்தின வரியில் நின்றுவிட்டேன், அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

"பகல் முழுக்க நாங்கள் பார்க்கில்தான் இருப்போம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு இரண்டு வரி கீழே "அம்மா ரூமில் இருந்துகொள்வார்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த "நாங்கள்" யார் தம்பி? ஐந்து பேர் போகிறீர்கள். அதில் நான்கு பேருக்கு ரூம் என்பது இரவு எட்டு மணி நேரம், அதுவும் விளையாடிக் களைத்துப் போய்ப் படுத்தவுடன் தூங்கிவிடப் போகிறவர்களுக்கு. ஒரே ஒருவருக்குத்தான் அது பகலும் இரவும் இருக்கிற இடம். ஏசி வேண்டாம், மூன்றாவது மாடி பரவாயில்லை என்று நீங்கள் முடிவு செய்தபோது யாரை மனதில் வைத்து முடிவு செய்தீர்கள்? அந்த ரூமில் வாழப் போகிறவரை விட்டுவிட்டு, அதில் தூங்க மட்டும் வருகிறவர்களை வைத்து. கணக்கு தொடங்கிய இடமே தப்பு.

மே மாதம் என்கிறீர்கள். அக்னி நட்சத்திரம் அந்த மாதத்தில்தான் வருகிறது. தாம்பரத்தில் மூன்றாவது மாடி, அதற்கு மேல் மொட்டை மாடியாக இருந்தால் மத்தியானம் இரண்டு மணிக்கு அந்த ரூமின் சீலிங் பேன் அடுப்புக் காற்றைத்தான் கீழே தள்ளும். முழங்கால் வலியோடு மூன்று மாடி ஏறிய அறுபத்தேழு வயது அம்மா, ஒரு டீ குடிக்கக்கூடக் கீழே இறங்கி வர மாட்டார். காலையில் நீங்கள் கதவைச் சாத்திவிட்டுப் போனால் இரவு திரும்பும் வரை அந்த நான்கு சுவர்தான். இதை நீங்கள் யோசித்து எழுதியிருக்க மாட்டீர்கள், எனக்குத் தெரியும். யோசிக்காமல் எழுத வந்ததுதான் எனக்குக் கோபம்.

என் வீட்டிலேயே இது நடந்திருக்கிறது. பல வருஷம் முன்னால் கொடைக்கானலில் ஒரு லாட்ஜில் என் அம்மாவை ரூமில் விட்டுவிட்டு நாங்கள் எல்லோரும் ஊர் சுற்றப் போனோம். இரவு ஏழு மணிக்குத் திரும்பினால், காலையில் வைத்துவிட்டுப் போன தண்ணீர் பாட்டில் அப்படியே நிரம்பி இருந்தது. ஏன் குடிக்கவில்லை என்று கேட்டதற்குத் தாகமே எடுக்கவில்லை என்றார். மறுநாள்தான் என் மகள் கண்டுபிடித்தாள். பாத்ரூமில் இந்தியன் டாய்லெட், உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது, பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை, அதற்குப் பயந்து பகல் முழுக்கத் தொண்டையை நனைக்கவில்லை. அந்த ரூமை வாடகை குறைவு என்று தேடிப் பிடித்தவள் நான். அன்றிலிருந்து எந்த ஊரில் ரூம் கேட்டாலும் முதலில் பாத்ரூமைப் பற்றித்தான் கேட்கிறேன், வாடகை அப்புறம்.

அம்மாவே ரூமில் இருந்துகொள்வதாகச் சொன்னார் என்பீர்கள். சொல்லியிருப்பார். நம் பக்கத்து அம்மாக்கள் வேறு எப்படிச் சொல்வார்கள்? "எனக்கு என்னப்பா, நான் ஒரு ஓரமா இருந்துக்கிறேன், நீங்க போயிட்டு வாங்க" என்று உங்களுக்கு எட்டு வயதில் சொன்னதைத்தான் இப்போதும் சொல்வார். அதை அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அப்புறம் அந்தச் சாமான் விஷயம். பெட்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் எதற்கு? ரூமுக்குப் பூட்டு உண்டு. நகையைப் போட்டுக்கொண்டு போகாதீர்கள், பணத்தைக் கையில் வையுங்கள், காலி செய்த பிறகும் சில மணி நேரம் பெட்டியை ரிசப்ஷனில் வைத்துக்கொள்ளச் சொன்னால் பெரும்பாலான இடங்களில் வைத்துக்கொள்வார்கள், பார்க்கிலும் லாக்கர் இருக்கிறது. நாலு சுடிதாருக்கும் ரெண்டு டவுசருக்கும் பெற்ற தாயைக் காவல் வைக்க வேண்டியதில்லை.

சரி, இப்போது கணக்குக்கு வருவோம், ஏனென்றால் உங்கள் கணக்கு பணத்திலும் உதைக்கிறது. வொண்டர்லா இருப்பது திருப்போரூர் பக்கம், இள்ளலூரில். தாம்பரத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாக முப்பது கிலோமீட்டருக்கு மேல். போக வர டாக்சி பிடிக்க வேண்டும், பார்க் மூடிய பிறகு ஈரத் தலையோடு பசியோடு நிற்கிற பிள்ளைகளை வைத்துக்கொண்டு திரும்பும் வண்டிக்கு நீங்கள் பேரம் பேசவா போகிறீர்கள், கேட்டதைக் கொடுப்பீர்கள். பஸ்ஸில் போகலாம், திருப்போரூர் வரை பஸ் இருக்கிறது, அங்கிருந்து ஆட்டோ. ஆனால் அதற்கும் நேரம் போகும். ரூமில் மிச்சம் பிடித்தது பாதி ரோட்டிலேயே கரைந்துவிடும். மாமல்லபுரத்திலிருந்து திருப்போரூர் சுமார் பதினைந்து கிலோமீட்டர்தான்.

அதனால் மாமல்லபுரத்து ரூமை எடுங்கள். இரண்டு இரவுக்கு 5,600. ஜிஎஸ்டி, நாளுக்கு 7,500 ரூபாய் வரை உள்ள ரூம்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம்தான், முன்பு 12 இருந்தது. ஆக 280 சேர்த்து 5,880. உங்கள் வரம்பைவிட 880 அதிகம். அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்று கேட்காதீர்கள், சொல்கிறேன். பார்க்குக்கு நீங்கள் டிக்கெட் எடுக்காதீர்கள்.

ஆமாம், நீங்கள்தான். உங்கள் மனைவி இரண்டு பிள்ளைகளையும் தாராளமாகச் சமாளிப்பார், வீட்டில் தினமும் அதைத்தானே செய்கிறார். மகள் எட்டாவது படிக்கிறாள், தம்பியைப் பிடித்துக்கொள்ளும் வயதுதான். உங்கள் ஒருவருடைய டிக்கெட் பணம் அந்த 880-ஐ அடைத்துவிடும். அன்று நீங்கள் அம்மாவோடு இருங்கள். வீட்டில் பெரியவர் இருந்தால் வீட்டில் ஒருவர் ஒரு நாள் விளையாட்டை விட்டுக்கொடுப்பது முறை, அந்த ஒருவர் மருமகளாகத்தான் இருக்க வேண்டும் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை, பெற்ற மகன் இருக்கும்போது முதலில் அவன்தான்.

இருந்து என்ன செய்வது என்று கேட்டால், உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. அம்மா திருப்பரங்குன்றம் போவதை நிறுத்திவிட்டார் என்று ஒரு வரியில் எழுதிக் கடந்துவிட்டீர்கள். அது சின்ன விஷயம் இல்லை. மதுரையில் பிறந்து வளர்ந்து பரங்குன்றம் போகாமல் ஒரு பெண் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார் என்றால், அவருக்குக் கால் மட்டும் வலிக்கவில்லை. நீங்கள் போகப் போகிற பார்க்குக்குப் பக்கத்து ஊர் திருப்போரூர் எதற்குப் பேர் போனது என்று தெரியுமா? கந்தசுவாமி கோயில். முருகன் சூரனோடு கடலில் போர் செய்த இடம் திருச்செந்தூர், நிலத்தில் போர் செய்தது நம் திருப்பரங்குன்றம், ஆகாயத்தில் போர் செய்தது திருப்போரூர் என்று சொல்வார்கள். அந்தக் கோயிலை எழுப்பிய சிதம்பர சுவாமிகளே நம் மதுரையிலிருந்து போனவர்தான். மீனாட்சி சொல்லித்தான் வடக்கே புறப்பட்டார், பனங்காட்டுக்குள் இருந்த முருகனைக் கண்டுபிடித்தார் என்கிறது தல வரலாறு. கந்தசுவாமி சந்நிதிக்கு மலை ஏற வேண்டியதில்லை, கோயில் தரையில்தான் இருக்கிறது. இதை அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள், முழங்கால் என்ன பதில் சொல்கிறது என்று.

பார்க் போகிற அன்று காலையிலேயே ஐந்து பேரும் ஒரே வண்டியில் கிளம்புங்கள். பார்க் திறக்கும் முன் கோயில். அப்புறம் மனைவியையும் பிள்ளைகளையும் பார்க் வாசலில் இறக்கிவிட்டு, அம்மாவை வெயில் ஏறும் முன் ரூமுக்குக் கூட்டி வந்துவிடுங்கள். மத்தியானம் இருவரும் சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள். சாயங்காலம் கடற்கரையில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு அவர்களைக் கூட்டி வரப் போகலாம். இதே தேதியில் கல்யாண முகூர்த்தம் இருந்தால் மட்டும் திருப்போரூரில் நெரிசல் அதிகமாக இருக்கும், காலண்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள். சனி ஞாயிறு வேண்டாம், மாமல்லபுரத்தில் அந்த இரண்டு நாளும் வாடகையை ஏற்றிவிடுவார்கள். உங்களுக்குச் சொன்ன 2,800 எந்தக் கிழமைக்கு என்று கேட்டீர்களா?

முன்பணம் கட்டும் முன் லாட்ஜுக்கு நீங்களே போன் செய்யுங்கள், படத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். வெஸ்டர்ன் டாய்லெட்தானா, வாசலில் எத்தனை படி, கரண்ட் போனால் ஏசிக்கு ஜெனரேட்டர் உண்டா அல்லது பேனுக்கும் லைட்டுக்கும் மட்டுமா, பக்கத்தில் நடந்து போகும் தூரத்தில் இட்லி கிடைக்குமா. பாத்ரூமை வாட்ஸ்அப்பில் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், தயங்கினால் வேறு இடம் பாருங்கள். நான்கு கட்டில்தான் என்றால் ஐந்தாவது ஆளுக்கு மெத்தை தருவார்களா, அதற்குத் தனிக் காசா என்றும் கேளுங்கள். அந்த மெத்தையில் நீங்கள் படுங்கள். அம்மா "நான் கீழே படுத்துக்கிறேன்" என்று பாயை விரிக்கும் முன் நீங்கள் படுத்துவிடுங்கள்.

பார்க் டிக்கெட்டைப் பற்றி ஒன்று. பிள்ளைகளுக்கு அங்கே வயது கணக்கில்லை, உயரம்தான் கணக்கு. 140 சென்டிமீட்டர் தாண்டினால் பெரியவர் டிக்கெட், மகளுக்கு அநேகமாக அதுதான் வரும். வீட்டிலேயே சுவரில் நிறுத்தி அளந்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். தண்ணீர் விளையாட்டுக்கு நைலான் துணி வேண்டும், பருத்தியில் விட மாட்டார்கள், மறந்துவிட்டுப் போனால் அங்கேயே வாங்க வேண்டி வரும். வெளிச் சாப்பாடும் உள்ளே விட மாட்டார்கள், அதனால் விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து பார்க்குக்கென்று அம்மா புளியோதரை கிளற வேண்டாம்.

ரயில் எது என்று நீங்கள் எழுதவில்லை. பாண்டியனில் போனால் விடிவதற்கு முன்பே செங்கல்பட்டில் இறங்கி, மத்தியானம் ரூம் தரும் வரை அம்மாவை எங்கே உட்கார வைப்பீர்கள்? வைகையில் போங்கள். காலையில் மதுரையில் ஏறினால் மதியம் செங்கல்பட்டு, அங்கிருந்து மாமல்லபுரத்துக்குப் பஸ்ஸும் உண்டு, ஆனால் அன்றைக்கு மட்டும் டாக்சி பிடியுங்கள், ரூம் போய்ச் சேரும்போது சாவி தயாராக இருக்கும். திரும்பி வரும்போது பாண்டியனில் படுத்துக்கொண்டு வரலாம், அம்மாவுக்குக் கீழ்ப் படுக்கை கேட்டுப் போடுங்கள். மூத்த குடிமக்களுக்கு இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சிலேயே போய்விட்டது, அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். சின்னவனுக்குத் தனி இடம் வேண்டும் என்றால் அவனுக்கும் முழு டிக்கெட்தான்.

இதற்கெல்லாம் முன்னால் இன்றைக்கு இரவு சாப்பாடு முடிந்ததும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா, திருப்போரூர் முருகனைப் பார்க்கப் போவோமா, நான் கூட இருக்கேன்" என்று கேளுங்கள். ஒருவேளை அவரும் பார்க்கைப் பார்க்க வேண்டும் என்றால் அவருக்கும் டிக்கெட் எடுங்கள், அறுபது வயதுக்கு மேல் அங்கே குறைத்துத்தான் வாங்குகிறார்கள், அப்போது நீங்களும் உள்ளே போய் அவரை நிழலில் உட்கார வைத்துக்கொண்டு பேரன் தண்ணீரில் சறுக்குவதைக் காட்டுங்கள், அந்த 880-க்கு வேறு எதையாவது குறைத்துக்கொள்ளலாம். ரயில் டிக்கெட் 60 நாள் முன்னால்தான் திறக்கும், மே மாதம் என்பதால் திறந்த அன்றே போட்டுவிடுங்கள். வைகையில் ஜன்னல் ஓரம் அம்மாவுக்கு.