ஒரே ரொட்டி சாப்பிட்டும் ஒருவருக்கு மட்டும் சீனி ஏறுவது ஏன்?

"நானும் அக்காவும் ஒரே ரொட்டியைத்தான் சாப்பிட்டோம், அவருக்கு மட்டும் ஏன் சீனி ஏறுகிறது?" தேயிலைத் தோட்டங்களில் பலரும் கேட்கும் கேள்வி இது.

சோறு, ரொட்டி, பாண், உருளைக்கிழங்கு எல்லாவற்றிலும் மாச்சத்து இருக்கிறது. செரிக்கும்போது அது குளுக்கோஸாக உடைந்து இரத்தத்தில் சேரும்; அதைத்தான் சீனி என்கிறோம். எவ்வளவு ஏறும், எப்போது இறங்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். இரத்தச் சீனியை இறக்கும் இன்சுலின் சுரக்கும் அளவு, குடலில் வாழும் நுண்ணுயிர்கள், முந்தைய இரவுத் தூக்கம் என்று காரணங்கள் பல. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் 800 பேரை ஒரு வாரம் கவனித்து 2015இல் வெளியிட்ட ஆய்விலும் இதே கதைதான்: ஒரே உணவு, வேறுவேறு ஏற்றம்.

மழையை நினைத்துப் பாருங்கள். இரண்டு மலையிலும் ஒரே மழைதான். கான், அதாவது வடிகால், துப்புரவாக இருந்தால் தண்ணீர் வடிந்துவிடும்; மண் அடைத்த கானோ நிரம்பித் தேயிலைக்குள் பாயும். கொழுந்துக் கூடையோடு நாள் முழுக்க ஏறி இறங்குபவரின் கால் தசை குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். ஓய்வு பெற்று வீட்டோடு இருப்பவருக்கு அந்த வடிகால் குறைவு.

சரி, உங்கள் உடம்பு எப்படி? விரலில் குத்திப் பார்க்கும் மெஷின் இருந்தால், சாப்பிடும் முன்பும், சாப்பிடத் தொடங்கி 2 மணி நேரத்திலும் பாருங்கள். ஒரு நாள் சம்பலோடு இரண்டு ரொட்டி. இன்னொரு நாள் அதே இரண்டு ரொட்டி, பருப்பும் கீரையும் சேர்த்து. மருந்தை மட்டும் நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

அப்புறம், சோற்றை விட்டு ரொட்டிக்கு மாறினால் சீனி தானாகக் குறையும் என்று பலர் நம்புகிறார்கள். கோதுமை மாவிலும் பெரும்பகுதி மாச்சத்துதான்.